எங்கே நின்று எடுத்தார்?

கேள்வி இதுதான்: "மகள் கல்யாணத்துக்காக நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து போட்டோகாரர்கள் ஏழெட்டுப் பேருடைய ஆல்பங்களைப் பார்த்துவிட்டேன். எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒன்றுபோலவும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி உண்டு, படத்தைக் கட்டும் விதம் உண்டு என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?"

நான் கேமரா பிடிப்பவன் இல்லை. கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் வேலை, 22 வருஷமாக. முதலில் தக்கலையில் ஒரு கலர் லேபில் இருந்தேன், இப்போது வீட்டிலிருந்தே செய்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் இரண்டு முனையிலிருந்தும் ஹார்ட் டிஸ்க் வரும். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம், 4,000 படம். அதில் 200 ஆல்பத்துக்குப் போகும். மீதியை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நான் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து, பெயர் எழுதாத டிஸ்க் வந்தால்கூட இது இன்னாருடைய கை என்று இப்போது சொல்லிவிட முடிகிறது. ஆகவே இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. இதை யாரும் கேட்பதில்லை. "ரேட் என்ன, எத்தனை ஷீட், ட்ரோன் உண்டா" என்றுதான் கேட்பார்கள்.

ஆல்பங்கள் ஒன்றுபோலத் தெரிவதற்கு முதல் காரணம் நிறம். பச்சையெல்லாம் கருமை கலந்து, நிழலெல்லாம் பழுப்பாகி, தோல் மட்டும் ஆரஞ்சு அடிக்கும் அந்த நிறத்தை ஒரே பொத்தானில் 4,000 படத்துக்கும் போட்டுவிடலாம். பிரீசெட் என்று விலைக்கே கிடைக்கிறது. கொல்லங்கோட்டில் இருப்பவரும் அதை வாங்குவார், அஞ்சுகிராமத்தில் இருப்பவரும் அதையே வாங்குவார். நிறத்தைப் பாணி என்று எண்ணினால் எல்லோரும் ஒருவராகத்தான் தெரிவார்கள். ஒரு காரியம் செய்து பாருங்கள். ஒவ்வொருவருடைய படத்திலும் பத்தை எடுத்து, போனில் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சில படங்கள் அந்த இடத்திலேயே படுத்துவிடும், அதில் நிறத்தைத் தவிர வேறு ஒன்றும் இருந்திருக்காது. சில படங்கள் நிறம் போன பிறகுதான் எழுந்து நிற்கும். யார் எங்கே இருக்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, கண் முதலில் எங்கே போய் அப்புறம் எங்கே திரும்புகிறது எல்லாம் தெளிவாகத் தெரியும். அப்படி நிற்கிற படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எடுக்கும்போது அவர் எங்கே நின்றார்?

என்னைக் கேட்டால் பாணி என்பது முக்கால்வாசி இதுதான். கல்யாணம் போட்டோகாரருக்காகக் காத்திருக்காது. தாலி கட்டு ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்த நேரத்தில் மேடையில் ஐயர் இருப்பார், வீடியோக்காரர் இருப்பார், லைட் பிடிக்கும் பையன் இருப்பான், அட்சதையோடு மாமாமார் எழுந்து நிற்பார்கள், அவர்களுக்கு முன்னால் பத்துப் போன்கள் நீளும். நல்ல இடம் என்று ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த இடத்தை முன்கூட்டியே அறிந்து அங்கே போய் நிற்பவர் ஒருவர். எல்லோரும் நிற்கிற இடத்தில் நின்று, பிறகு எடிட்டிங்கில் சரி செய்துகொள்ளலாம் என்பவர் இன்னொருவர்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். திருவட்டாறு பக்கத்தில் ஒரு கல்யாணம், பத்து வருஷத்துக்கு முந்தியது. எடுத்தவர் மேடைக்கு நேர் முன்னால் நிற்கவில்லை. இடது ஓரத்தில், குத்துவிளக்குக்குப் பின்னால், முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். படத்தின் கீழே விளக்கின் இரண்டு திரி, தெளிவில்லாமல், இரண்டு மஞ்சள் பூ மாதிரி. அதற்கு நடுவில் மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் சரடு, பெண்ணின் குனிந்த கழுத்து. மாப்பிள்ளையின் முகம் பாதிதான் தெரியும். தாலியே சரியாகத் தெரியாது. அந்தக் கழுத்திலிருந்து கண்ணை மேலே விட்டால், வலது மூலையில் பெண்ணின் அம்மா. எல்லோரும் தாலியைப் பார்க்கிறார்கள், அந்த அம்மா மட்டும் மகளின் முகத்தைப் பார்க்கிறாள். கையில் வைத்திருந்த அட்சதையை இன்னும் போடவில்லை. விளக்கு, விரல், கழுத்து, அம்மா என்று கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு ஒரு கோடு ஓடுகிறது. நம் கண் அந்தக் கோட்டிலேயே நடந்து அம்மாவிடம் போய் நின்றுவிடுகிறது.

இதைத் தற்செயல் என்று சொன்னார்கள். நான் அந்த டிஸ்க் முழுவதையும் பார்த்தவன். தாலி கட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பே, மேடையில் யாரும் இல்லாதபோது, அதே இடத்திலிருந்து ஒரு வெற்று மேடைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். வெளிச்சம் பார்த்திருக்கிறார். அப்புறம் அம்மா எங்கே நிற்கிறாள் என்று தேடி இரண்டு படம். அதன் பிறகு பத்து நிமிஷம் ஒரு படமும் இல்லை, அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் வரிசையாக ஒன்பது படம். அதில் ஏழாவதுதான் நான் சொன்னது. மீதிப் படங்களில்தான் ஒருவருடைய கை தெரியும் என்று நான் நம்புவது இதனால்தான். ஆல்பத்தில் பழம் இருக்கும், மரம் அந்த டிஸ்கில்.

இன்னொருவர் இதற்கு நேர் எதிர். அவர் கூட்டத்தை விட்டு விலகி, மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய், நீள லென்ஸால் எடுப்பவர். அவருடைய தாலி கட்டுப் படத்தில் முன்னால் இருப்பவை எல்லாம் முதுகுகள், தலைப்பூக்கள், அப்பாவின் தோளில் நின்று பார்க்கும் ஒரு குழந்தை. அவற்றின் இடுக்கில், சின்னதாக, மணமக்கள். பார்க்கும்போது நாமும் அந்தக் கூட்டத்தில் எக்கி நிற்கிற மாதிரி இருக்கும். பெண் வீட்டார் சிலருக்கு இது பிடிக்காது, "முகம் தெரியலையே" என்பார்கள். எனக்கு மிகவும் பிடிக்கும். கல்யாணத்துக்கு வந்த ஐந்நூறு பேரில் நானூற்றுத் தொண்ணூறு பேர் அப்படித்தானே பார்த்திருப்பார்கள்.

இருவரில் யார் சிறந்தவர் என்று கேட்காதீர்கள். முதலாமவர் அம்மாவைத் தேடுகிறார், இரண்டாமவர் ஊரைத் தேடுகிறார். அந்தத் தேட்டத்துக்குத்தான் பாணி என்று பெயர் வைக்கலாம்.

நம் மாவட்டத்தில் இதைப் பார்ப்பதற்கு இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. கிழக்கே ஒரு வெளிச்சம், மேற்கே ஒரு வெளிச்சம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். இன்றும் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் கல்யாணங்களில் நிலவிளக்கும், நெல் நிறைத்த நிறைபறையும், தென்னம்பூவும், சரிகைக் கரை போட்ட கசவுப் புடவையும் வரும். கிழக்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கத்தில் திருநெல்வேலிச் சாயல் கூடும். சடங்கு வேறு என்பது எல்லோருக்கும் தெரியும், வெளிச்சமும் வேறு என்பதை போட்டோகாரர்கள்தான் அறிவார்கள். குலசேகரம், அருமனை பக்கம் வீட்டைச் சுற்றி ரப்பரும் தென்னையும் வாழையும். பகலிலும் வெளிச்சம் இலை வழியாக இறங்கி வருவதால் முகத்தில் பச்சை ஏறும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துப் பழைய கைகள் பெண்ணை மரத்தடியில் நிறுத்தவே மாட்டார்கள். திண்ணையில், வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பச்சையைக் கழுவிவிடும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் வந்தால் திறந்த வெளி, கணவாய்க் காற்று. அங்கே வேறு கஷ்டம். தலைப்பும் முடியும் ஓர் இடத்தில் நிற்காது. அந்தக் காற்றோடு சண்டை போடாமல், அது புடவையைத் தூக்கும்வரை காத்திருந்து எடுக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய படங்களில் பெண்கள் எல்லோரும் எங்கோ போய்க்கொண்டிருப்பது போல இருப்பார்கள்.

நேரத்தையும் பாருங்கள். நம் ஊர் ஏறக்குறைய 8 பாகை அட்சரேகையில் இருப்பதால், பங்குனிக் கடைசியிலும் ஆவணி நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆவணி இங்கே கல்யாண மாதம். முகூர்த்தம் முடிந்து, பன்னிரண்டு மணிக்கு மண்டபத்து முற்றத்தில் குடும்பத்தை நிறுத்தி எடுத்தால் எல்லோருக்கும் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழிதான் இருக்கும். ஆவணிக் கல்யாண ஆல்பம் ஒன்றை வாங்கி, மத்தியானப் படங்களில் கண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அவர் யோசித்திருக்கிறார், போர்ட்டிகோ நிழலின் விளிம்புக்குக் கூட்டி வந்திருக்கிறார். பந்தல் துணியும் அப்படித்தான். முன்பு ஓலைப் பந்தலில் வெள்ளைத் துணி கட்டுவார்கள், அது வெயிலைச் சலித்துத் தரும். இப்போது ரோஸ், மஞ்சள், ஊதா. ரோஸ் பந்தலுக்கடியில் எல்லோரும் காய்ச்சல் வந்தவர்கள் மாதிரி தெரிவார்கள், பட்டுப் புடவையின் உண்மையான நிறம் எங்கேயும் கிடைக்காது. நல்ல போட்டோகாரர் முந்தின நாளே வந்து பந்தல்காரரிடம் பேசுவார். பேசியிருக்கிறார் என்பது படத்தில் தெரியும்.

கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு வருவோம். நம் மாவட்டத்தில் இவை ஏராளம், தொழில் நுட்பத்தில் இவைதான் கடினமும்கூட. வெள்ளைப் புடவை, தலையில் வெள்ளை நெட், பக்கத்தில் கருப்புக் கோட்டு. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே கணக்குப் போடும். வெள்ளைப் புடவை ஃபிரேமை நிறைத்தால் படம் அழுக்குச் சாம்பலாக வரும், ஆகவே மீட்டர் சொல்வதைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூடுதலாக விட வேண்டும். அதிகம் விட்டாலோ புடவையின் சரிகையும் மடிப்பும் வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். பழகிய கண்ணுக்கு முதலில் படுவது மணமகளின் முகம் அல்ல, அவளுடைய புடவை மடிப்பு. அது கடைசி மடிப்புவரை தெரிந்தால், அப்புறம் மேலே பார்ப்பேன்.

ஆலயத்துக்குள் கட்டுப்பாடும் உண்டு. பலிபீடப் படியைத் தாண்டக் கூடாது, ஜெப நேரத்தில் ஃபிளாஷ் கூடாது என்று சில ஆலயங்களில் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்கள். போட்டோகாரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். நான் பார்த்தவரை மிகச் சிறந்த படங்கள் இப்படிக் கட்டுப்பட்ட இடங்களிலிருந்துதான் வந்திருக்கின்றன. ஃபிளாஷ் இல்லாதபோது அவர் ஜன்னலைத் தேட வேண்டியிருக்கிறது. அப்பாவின் கையைப் பிடித்து மணமகள் நடுப்பாதையில் வரும்போது, பக்கத்து ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் பட்டை பட்டையாக விழும். ஒரு பட்டையில் இருவரும் ஒளிர்வார்கள், அடுத்த அடியில் நிழல். எந்தப் பட்டையில் அப்பா மகளைத் திரும்பிப் பார்ப்பார்? அதை யாரும் சொல்லித்தர முடியாது. கேமராவின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது கிடைக்கவும் கிடைக்காது. மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரை சபை முறைக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் தலையில் மந்திரகோடி என்ற புடவையைப் போர்த்துவதும் அப்படி ஒரு நொடி. துணி விரிந்து இறங்கும் பாதி வழியில் எடுத்தால் அது ஒரு சிறகு, இறங்கிய பிறகு எடுத்தால் அது ஒரு முக்காடு. இரண்டும் சரிதான். ஆனால் எந்த ஆல்பத்திலும் எப்போதும் சிறகாகவே வருகிறதென்றால், அந்த மனிதரின் விரலை நம்பலாம்.

தக்கலை, குளச்சல், கோட்டாறு பக்கத்து நிக்காஹ் ஆல்பங்களில் சவாலே வேறு. ஒப்பந்தம் ஆண்கள் பக்கத்தில், மாப்பிள்ளையின் கையும் பெண்ணின் வாப்பாவின் கையும் சேர்ந்திருக்கும். பெண் வேறு அறையில் இருப்பாள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நடப்பதை ஆல்பத்தின் இடது பக்கம், வலது பக்கம் என்று சேர்த்துவைக்க வேண்டும். கோர்த்த கைகள் ஒரு பக்கம், அதே நிமிஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் மறு பக்கம். எடுத்த இருவரும் ஒரே உயரத்திலிருந்து, ஒரே பக்கத்து வெளிச்சத்தில் எடுத்திருந்தால் நடுவில் இருக்கும் சுவர் மறைந்துவிடும். இதைப் பேசிவைத்துக்கொண்டு எடுக்கும் ஓர் அண்ணன் தங்கை ஜோடியின் டிஸ்க் எனக்கு வரும்போதெல்லாம் வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

மாலையைப் பற்றி ஒரு வார்த்தை. தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை இவற்றை மடித்துப் பாய் பின்னுவது போலத் தட்டையாகக் கட்டுவார்கள், கல் பதித்த மாதிரி இருக்கும். சாதாரண மாலை உருண்டை, எந்தப் பக்கமிருந்தும் எடுக்கலாம். இது ஒரு சித்திரம். நேராக நின்று எடுத்தால்தான் அதன் கட்டம் கட்டமான ஒழுங்கு தெரியும், பக்கவாட்டு வெளிச்சம் இருந்தால்தான் பூ மடிப்பு எழும்பும். பாதிப் பேர் முகத்தைத் தெளிவாக்கி மாலையைக் குழைத்துவிடுகிறார்கள். அதைக் கட்டிய கைகளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஆல்பம் முழுவதிலும் ஒரே ஒரு படத்திலாவது மாலை மாலையாகத் தெரிய வேண்டும்.

இப்போது எல்லோரும் அலுத்துக்கொள்ளும் குரூப் போட்டோ. "அது டிரடிஷனல் ஆள் எடுக்கிறது" என்று இளைஞர்கள் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு வருத்தமான விஷயம் இது. ஃபிலிம் காலத்தில் 120 ரோலில் சதுரப் படம் எடுத்தால் 12 படம், 35 மில்லிமீட்டரில் 36. ஒரு கல்யாணத்தை மூன்று 35 ரோலில் முடித்தவர்கள் உண்டு, மொத்தம் 108 சொச்சம். அதில் கால்வாசி குரூப் படங்கள். ஒரு தடவைதான் அமுக்கலாம் என்பதால், அமுக்குவதற்கு முன் நடக்கிற வேலை அத்தனையும் கண்ணால் நடந்தது. அந்தக் காலத்து ஆல்பம் ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாம்படம் போட்ட பாட்டி நடுவில் நாற்காலியில், அவள் கை எங்கே இருக்கிறது, பின்னால் நிற்பவர்களின் தலைகள் எப்படி ஓர் அலை போல ஏறி இறங்குகின்றன, குழந்தைகள் எந்த இடுக்கை நிரப்புகிறார்கள் என்று கவனியுங்கள். உயரமானவரைக் கோடியில் நிறுத்தினால் படம் அந்தப் பக்கம் சாயும். பிணக்கில் இருக்கிற இரண்டு சகோதரர்களைப் பக்கத்தில் நிறுத்தினால் இருவரின் தோளும் விலகும், நடுவே ஓர் ஓட்டை விழும். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதற்காகவே வீட்டு வாசலிலேயே யார் யாரோடு பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். குரூப்பில் அந்த ஓட்டையை அடைக்க ஒரு பேத்தியைக் கொண்டுவந்து நிறுத்துவார். அவர் எடுத்த படங்களில் எந்தக் குடும்பமும் உடைந்ததாகத் தெரியாது. என் கணக்கில் இது மிகப் பெரிய கலை.

பந்திப் படங்களையும் அலட்சியம் செய்ய வேண்டாம். நம் ஊர்ச் சாப்பாடு இலையில் ஒரு வரைபடம். இஞ்சிப் பச்சடி, அவியல், துவரன், எரிசேரி, உப்பேரி, பப்படம், மட்டிப்பழம், கடைசியில் போளியும் பாயாசமும். நேர் மேலிருந்து எடுத்த இலை எல்லா ஆல்பத்திலும் உண்டு. எனக்குப் பிடித்தது, பாயாசம் இலையில் ஓடிவிடாமல் கையால் அணை கட்டும் ஒரு தாத்தாவை இலையின் மட்டத்திலிருந்து எடுத்த படம். பரிமாறுபவரின் கால்கள் மட்டும் பின்னால் வரிசையாகத் தெரியும். எடுத்தவர் தரையில் படுத்திருக்க வேண்டும்.

அவுட்டோர் படங்களைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும், ஆல்பத்தின் முதல் பத்துப் பக்கத்தை இப்போது அதுதான் நிரப்புகிறது. முட்டம் பாறை, சொத்தவிளை, வட்டக்கோட்டை, தேங்காய்ப்பட்டணம், மாத்தூர் தொட்டிப்பாலம் என்று இடங்கள் எல்லோருக்கும் பொது. அங்கே போய் என்ன செய்தார் என்பதில்தான் வித்தியாசம். நம் மேற்குக் கரை நேர் மேற்காகப் போவதில்லை, கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை வடமேற்காகச் சாய்ந்து ஏறுகிறது. தை மாதத்தில் சூரியன் தென்மேற்கே கடலுக்குள் இறங்கும். கடலைப் பின்னால் வைத்து மணமக்களை நிறுத்தினால் வெளிச்சம் முதுகுப் பக்கம், உருவம் நிழலாகத்தான் வரும், அல்லது முன்னாலிருந்து விளக்கு அடிக்க வேண்டும். ஆனியில் சூரியன் வடமேற்கே, ஏறக்குறையக் கரை ஓடுகிற திசையிலேயே இறங்கும். மழை விட்ட ஒரு சாயங்காலம் கிடைத்தால் வெளிச்சம் கரை நெடுகப் பக்கவாட்டில் வந்து முகத்தின் ஒரு பக்கத்தையும் ஒவ்வொரு அலையின் முதுகையும் தொடும். இதை அறிந்தவர் மாதத்துக்கு ஏற்றபடி நிறுத்தும் திசையை மாற்றுவார். அறியாதவர் பன்னிரண்டு மாதமும் ஒரே பாறையில் ஒரே பக்கம் பார்த்து நிறுத்துவார்.

வள்ளுவர் சிலையும் அப்படித்தான். 133 அடி உயரம், ஆனால் கரையில் மணமக்களுக்குப் பக்கத்தில் நின்று அகல லென்ஸால் எடுத்தால் தீப்பெட்டி அளவில் தெரியும். பின்னால் வெகுதூரம் போய், நீள லென்ஸ் மாட்டினால், மனிதர்களின் அளவு மாறாமல் சிலை எழுந்து அவர்களுக்குப் பின்னால் வந்து நிற்கும். மாத்தூரில் பாலத்தின் மேல் நின்று கை விரித்து எடுக்கும் படம் யாரிடமும் உண்டு. 1966-ல் கட்டிய அந்தப் பாலத்துக்கு 28 தூண்கள். கீழே பறளியாற்றுப் பக்கம் இறங்கி, தூண்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் கோட்டில் இருவரையும் நிறுத்தியவர் ஒருவர்தான் எனக்குத் தெரிந்து. அந்த ஒரு படத்துக்காக அவருடைய ஆல்பத்தை நான் இரண்டு பக்கம் பெரிதாக்கிக் கொடுத்தேன். ட்ரோன் படங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பெண்ணும் ஒரே பெண்.

கடைசியாக, மனசை உறுத்துகிற ஒன்று. தோல். நம் ஊர்ப் பெண்களின் மாநிறத்தையும் கருப்பையும் வெளுத்துத் தரச் சொல்லி வருகிற கோரிக்கைகளுக்கு அளவில்லை. நானும் பல வருஷம் செய்தேன். ஒரு தடவை குளச்சல் பக்கத்துக் கடலோர வீட்டில் ஆல்பத்தைக் கொடுக்கப் போனபோது, பெண்ணின் பாட்டி பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இதுல எம்பிள்ள எங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றுவரை போகவில்லை. அதன் பிறகு நான் அந்த வேலையைச் செய்வதில்லை. அப்போதிருந்து போட்டோகாரர்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். கருப்புத் தோல் வெளிச்சத்தை அழகாகத் திருப்பித் தரும். நெற்றியில், கன்ன மேட்டில், தோளில் ஒரு மினுக்கம் நிற்கும். பெரிய, மென்மையான ஒரு வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து விட்டால் தங்கமும் தோலும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். நேராக ஃபிளாஷ் அடித்துவிட்டு, எண்ணெய் வழிகிறது என்று பிறகு தேய்த்து வெளுப்பவர் உங்கள் மகளைப் பார்க்கவே இல்லை. ஆல்பத்தில் மணமகளின் கையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்றால் அந்த ஆல்பத்தை மூடிவிடுங்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, ஸ்டுடியோக்காரர் காட்டும் முப்பது சிறந்த படங்களோடு திருப்தி அடையாமல், ஒரே கல்யாணத்தின் முழுப் படங்களையும் காட்டச் சொல்வது. அந்த வீட்டாரின் சம்மதம் இருந்தால் காட்டுவார்கள். முந்தின நாள் ராத்திரி காய்கறி வெட்டும் கூட்டத்திலிருந்து மறுநாள் பெண் காரில் ஏறுவதுவரை வேகமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். மழையோ கரண்ட் போனதோ இருக்கிற கல்யாணமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு படத்திலும் மணமக்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள், அங்கே யாராவது பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார்களா, அல்லது அவர்களுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறாரா என்று. பிடித்த ஒரு படத்தைக் காட்டி, "இதை எங்கே நின்று எடுத்தீங்க?" என்று கேளுங்கள். லென்ஸ் பெயர் சொல்பவரும் உண்டு. "அந்த அம்மா காலையிலேருந்து அழாம நின்னாங்க, அதனால அவங்க பக்கத்திலேயே நின்னேன்" என்று சொல்பவரும் உண்டு.

ஆடி மாதத்தில் போங்கள். முகூர்த்தம் இருக்காது, ஆள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பழைய டிஸ்குகளை அடுக்கிக்கொண்டிருப்பார். பேச நேரம் இருக்கும்.